பாரடைஸில் நான்கு நாள்: ஃப்ரீடம்ஃபெஸ்ட் 2024

ஜூலை 9, செவ்வாய்

நாளை புதன் முதல் சனி வரை ஃப்ரீடம்ஃபெஸ்ட். இடம், லாஸ் வேகாஸின் சீஸர்ஸ் ஃபோரம் மாநாட்டு மையம். அரசின் தலையீடு குறையவேண்டும் என்னும் சுதந்திரவாதிகளுக்காக (லிபர்டேரியன்கள்) மார்க் ஸ்கௌசன் என்ற பொருளியலாளர் தொடங்கிய கூட்டம் இது. 2007 முதல் ஆண்டுதோறும் கூடிவந்தது, 2020-இல் கொரோனாவால் நடக்கவில்லை. மறு ஆண்டு நெவாடாவின் கட்டுப்பாடுகளுக்குத் தப்பித் தெற்கு டகோட்டாவின் ரேப்பிட் சிட்டிக்குப் போனார்கள். போன ஆண்டு மெம்பிஸ். இந்த ஆண்டு மறுபடி வேகாஸ்.

கட்சி மாநாடு என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். தீர்மானம் கிடையாது, வேட்பாளர் தேர்வு கிடையாது. வரியே திருட்டு என்பவர், வரி கொஞ்சம் குறைந்தால் போதும் என்பவர், தங்கம் தவிர எதுவும் பணமே இல்லை என்பவர், பிட்காயின்காரர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பவர் என்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். ஒரே நேரத்தில் பல அறைகளில் அமர்வுகள் ஓடும். பக்கத்திலேயே ஆந்தம் திரைப்பட விழா வேறு. அத்தனையையும் எழுத நினைத்தால் எதையும் உருப்படியாக எழுத முடியாது. மேடைப் பேச்சு எப்படியும் வீடியோவாக வெளிவந்துவிடும். நேரில் வருகிறவருக்கு மட்டும் கிடைப்பவை கேள்வி மைக், கண்காட்சிக் கூடம், நடைபாதை. இந்த நாட்குறிப்பு அவற்றைப் பற்றித்தான்.

இந்தியாவிலிருந்து வர நினைக்கும் பதிவர்கள் பலர் விசாவிலேயே தடுக்கி விழுகிறார்கள். மாநாட்டுக்குத்தானே போகிறோம் என்று பி-1/பி-2 வருகையாளர் விசாவில் வந்து, இங்கிருந்து பதிவு போட்டுக்கொண்டிருப்பது விதிமீறல். அமெரிக்க வெளியுறவுத்துறையின் விதி இதில் தெளிவு: ஊடகக்காரர் ஒருவர் மாநாட்டில் பங்கேற்பாளராக மட்டும் கலந்துகொண்டு, அமெரிக்காவில் இருக்கும்போதும் ஊர் திரும்பிய பிறகும் அதைப் பற்றிச் செய்தி எழுதமாட்டார் என்றால்தான் வருகையாளர் விசா செல்லும். எழுதப்போகிறீர்கள் என்றால் ஊடகக்காரருக்கான ஐ விசா. டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், 185 டாலர் கட்டணம், நேர்காணல். வெளிநாட்டில் தலைமையகம் உள்ள ஊடக நிறுவனத்தின் கடிதமோ ஒப்பந்தமோ கையில் இருக்கவேண்டும். தனியாளாக வலைப்பதிவு நடத்துபவர் அங்கேதான் மாட்டுவார். ஊரில் ஒரு இதழோ இணையச் செய்தித்தளமோ, "இந்த மாநாடு குறித்து இத்தனை கட்டுரைகளுக்கு இவரை அமர்த்தியிருக்கிறோம்" என்று எழுதித் தரும் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பதுதான் வழி. ஒரு வாரத்தில் முடியும் வேலையில்லை.

அடுத்தது அறை வாடகை. 2024-இல் இணையத்தில் காட்டிய 60 டாலர் முழு விலையாக இருக்கவில்லை. 'ரிசார்ட் கட்டணம்' என்று ஒரு நாளைக்கு 40, 50 டாலர் தனியாக வந்தது. அதன்மேலும் வாடகைமேலும் 13 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக அறை வரி. வைஃபை, உடற்பயிற்சிக் கூடம், உள்ளூர்த் தொலைபேசி அழைப்புக்கு என்று காரணம் சொல்வார்கள். பயன்படுத்தாவிட்டாலும் கழிக்கமாட்டார்கள். சந்தை வேலை செய்ய விலை கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது இந்த மாநாட்டுக்கு வருகிறவர்களின் முதல் பாடம். அந்தப் பாடத்தை விடுதி வரவேற்பறையில் யாராவது நடத்தினால் தேவலை.

மாநாட்டு மையம் 2020-இல் திறந்தது. லிங்க், ஹாரா, ஃப்ளமிங்கோ ஆகிய மூன்று விடுதிகளோடு மேம்பாலங்களால் இணைந்திருக்கிறது. வெயிலில் கால் வைக்காமல் போய்வர வேண்டுமானால் இந்த மூன்றில் ஒன்றில் தங்கவேண்டும். 'ஸ்ட்ரிப்' எனப்படும் சூதாட்ட வீதியில் எதிர்ப்பக்கம் இருக்கும் விடுதி வரைபடத்தில் பக்கமாகத் தெரியும். சூதாட்டக் கூடத்தைச் சுற்றி, மேம்பாலம் ஏறி இறங்கி வர இருபது நிமிடமாகும். கடந்த ஞாயிறன்று இங்கே 120 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 48.9 செல்சியஸ். வேகாஸில் பதிவான வெயிலிலேயே இதுதான் உச்சம். காற்றில் ஈரப்பதம் இல்லாததால் வியர்வை உடனே காய்ந்துவிடும், உடம்பு வற்றுவது தெரியாது. சென்னை வெயில் பழகியவர்தான் இதில் ஏமாறுவார். உள்ளே நேர்மாறு, நாலு மணி நேரம் உட்கார்ந்தால் ஸ்வெட்டர் கேட்கும் குளிர். கைபேசி வெளியே சூடேறி அணைந்துபோகும். வீடியோவை வெளியே எடுப்பதாக இருந்தால் காலை ஏழு மணிக்குள் எடுத்துவிடுங்கள்.

ஒரு சங்கதி. ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. அது பாரடைஸ் என்ற, எந்த நகராட்சியிலும் சேராத பகுதி. நகராட்சி தங்களை இணைத்து வரி போட்டுவிடக்கூடாது என்று 1950-இல் சூதாட்ட விடுதிக்காரர்கள் முன்னின்று உருவாக்கிக்கொண்ட எல்லை. வரி மறுப்பாளர்கள் கூடுவதற்கு இதைவிடப் பொருத்தமான மண் அமெரிக்காவில் அதிகம் இருக்காது. பதிவின் தலைப்பில் ஊர்ப்பெயர் போடுகிறவர்கள் கவனிக்கவும்.

ஜூலை 10, புதன்

பேட்ஜ் வாங்கும் வரிசை முதல் நாள் மதியம்தான் நீளும். முந்தைய மாலையோ அதிகாலையோ போய்விடுவது நல்லது. ஊடக அனுமதியோடு வருகிறவர் கடவுச்சீட்டையும், அனுமதி கிடைத்ததாக வந்த மின்னஞ்சலின் அச்சுப் பிரதியையும் கையில் வைத்திருக்கவேண்டும். ஊடக அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது பார்வையாளர் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவதால் பயனில்லை. இதேபோன்ற நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி ஏற்கெனவே எழுதிய மூன்று பதிவுகளின் சுட்டிகளும், ஆங்கிலத்தில் இரண்டு பத்திச் சுருக்கமும் அதிகம் உதவும். தமிழ்ப் பதிவை அங்கே படித்துப் பார்க்க ஆளில்லை.

இலவச அனுமதிச் சீட்டு, விருந்து, அறை என்று எது கிடைத்தாலும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடவேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009-இல் திருத்திய வழிகாட்டுதலில் வலைப்பதிவர்களையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. ஒரு பொருளையோ சேவையையோ பாராட்டி எழுதுகிறவர், அதை விற்பவரிடமிருந்து பெற்றதை வாசகர் பார்வையில் படும்படி அறிவிக்கவேண்டும். கடைசி வரியில் சின்ன எழுத்தில் போட்டால் போதாது. அரசு விதி வேண்டாம் என்பவர்களின் கூட்டத்தில் வைத்து இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். சட்டம் இருக்கட்டும், வாசகர் நம்புவதற்கே இது தேவை.

இனி ஒலிப்பதிவு. பெரிய அரங்குகளில் பின்புறம் ஊடகப் பெட்டி ஒன்று இருக்கும், மேடை ஒலியை நேராகக் கம்பியில் எடுத்துக்கொள்ளலாம். அதிலிருந்து வரும் எக்ஸ்.எல்.ஆர். (மூன்று ஊசிச் செருகி) இணைப்பு பல இடங்களில் 'லைன்' அளவில், அதாவது மைக் தருவதைவிடப் பல மடங்கு வலுவாக இருக்கும். அதை ஒலிப்பதிவுக் கருவியின் மைக் உள்ளீட்டில் செருகினால் பேச்சு முழுதும் கிழிந்துபோகும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கருவியின் உள்ளீட்டை லைனுக்கு மாற்றவேண்டும், அந்த வசதி இல்லையென்றால் ஒலிதணிப்பான் ஒன்றை இடையில் செருகவேண்டும். சார்ஜரில் மாட்டியபடி பதிவு செய்தால் 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம் சேரும். பேட்டரியில் ஓட்டுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். நான்கு நாளைக்கு 64 ஜிபி அட்டை தாராளம். ஊடகப் பெட்டியில் மேடை மைக் மட்டும் வருகிறதா, கேள்வி மைக்கும் வருகிறதா என்று ஒலிப்பொறியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது வெள்ளிக்கிழமைப் பதிவில்.

சட்டையில் குத்தும் கம்பியில்லா மைக் கொண்டுவருகிறவர்களுக்கு எச்சரிக்கை. 617 முதல் 652 மெகாஹெர்ட்ஸ், 663 முதல் 698 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைக் கைபேசி நிறுவனங்களுக்கு ஏலம் விட்டுவிட்டார்கள். 2020 ஜூலை 13-க்குப் பிறகு அதில் மைக் இயக்குவது இங்கே சட்டவிரோதம். ஊரில் வாங்கிய பழைய கருவி அந்த அலைவரிசையில் இருக்கலாம், அடியில் ஒட்டிய சீட்டைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக்குக்கு அனுமதிச் சிக்கல் இல்லை. ஆனால் நெரிசலான அரங்கில் அத்தனை வைஃபையும் அதே அலையில் இருப்பதால் பேச்சு விட்டுவிட்டு வரும். கம்பி மைக்தான் நம்பகம்.

கேமராவை இந்திய மின்சாரத்துக்கு ஏற்ப நொடியில் 50-இல் ஒரு பங்கு ஷட்டரில் வைத்திருந்தால் இங்குள்ள விளக்குகளின் கீழ் படம் துடிக்கும், பட்டை பட்டையாக ஓடும். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஷட்டரை 60-இல் ஒரு பங்குக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

வீடியோவை உடனுக்குடன் ஏற்ற ஆசைப்படாதீர்கள். நொடிக்கு 16 மெகாபிட் தரத்தில் எடுத்த பத்து நிமிட வீடியோ 1.2 ஜிபி. மாநாட்டு வைஃபையில் ஏற்றும் வேகம் 5 மெகாபிட் கிடைத்தால் அரை மணி நேரத்துக்கும் மேல். அதே பத்து நிமிடத்தைப் பேச்சுத் தரத்தில் ஒலியாக மட்டும் சுருக்கினால் 5 எம்பிகூட வராது. இங்கே இரவு 9 மணி என்றால் சென்னையில் மறுநாள் காலை 9.30. இரவுச் சாப்பாட்டுக்கு முன் எழுதி முடித்தால் ஊரில் அலுவலகம் போகும் நேரத்துக்குப் பதிவு கிடைக்கும்.

பேட்டிகளின் ஒலிப்பதிவு பற்றிய சட்டமும் தெரிந்திருக்கவேண்டும். நேரில் பேசும் உரையாடலை, பேசுகிறவர்களில் ஒருவர் சம்மதித்தாலே பதிவு செய்ய நெவாடா அனுமதிக்கிறது. தொலைபேசி உரையாடலுக்கு எல்லாத் தரப்பின் சம்மதமும் வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1998-இல் சொல்லிவிட்டது. நடைபாதையில் பேசியவரை அறைக்குப் போய்ப் போனில் மறுபடி அழைத்துச் சரிபார்க்கும்போது இந்த வேறுபாடு காலை வாரும்.

ஜூலை 11, வியாழன்

அதிகாலை 5.30-க்கே வேலை தொடங்கியது. வாஷிங்டனில் காலை 8.30-க்கு ஜூன் மாத நுகர்வோர் விலைக் குறியீடு வெளியாகும் நேரம் அது. ஆண்டுக் கணக்கில் பணவீக்கம் 3.0 சதவீதம், முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் விலை 0.1 சதவீதம் இறங்கியிருக்கிறது. தங்கம் அவுன்ஸ் 2,400 டாலரைத் தாண்டியது. இந்த இரண்டு எண்களும் தெரியாமல் கண்காட்சிக் கூடத்துக்குள் போகக்கூடாது. அங்கே பாதிப் பேச்சு பணவீக்கம், மீதிப் பேச்சு தங்கம்.

கூடத்தில் மூன்று வகை ஸ்டால்கள். கொள்கை அமைப்புகள், பொருள் விற்பவர்கள், முதலீடு விற்பவர்கள். மூன்றும் ஒரே மாதிரிப் பதாகை, ஒரே சொற்கள். "சுதந்திரம்" என்ற சொல் ஒரு ஸ்டாலில் அரசியல் சட்டத் திருத்தத்தைக் குறிக்கும், அடுத்த ஸ்டாலில் ஒரு நாணயத் தொகுப்பைக் குறிக்கும்.

தங்க ஸ்டாலில் கேட்கவேண்டியவை இரண்டே கேள்விகள்: இந்த நாணயத்தை இன்று எனக்கு என்ன விலைக்கு விற்பீர்கள், இதையே இன்று நான் கொண்டுவந்தால் என்ன விலைக்கு வாங்குவீர்கள்? இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் முதலீட்டாளர் முதல் நாளே இழக்கும் தொகை. அமெரிக்கன் ஈகிள் போன்ற சாதாரண நாணயத்தில் இடைவெளி சிறியது. 'சேகரிப்பாளர் நாணயம்', 'வரையறுக்கப்பட்ட வெளியீடு' என்று போனால் விரியும். ஈகிள் 22 காரட்தான். மொத்த எடை 33.93 கிராம், அதில் சுத்தத் தங்கம் ஒரு அவுன்ஸ், 31.1 கிராம். சவரன் கணக்கில் நாலுக்குச் சற்றுக் குறைவு. அவுன்ஸ் 2,400 என்றால் கிராம் 77 டாலர். நகைக்கடையில் சேதாரம், செய்கூலி கேட்டுப் பழகிய நம்மவர்கள் இந்த ஸ்டாலில் ஏமாறுவது கடினம். 'வரிச்சலுகை ஓய்வூதியக் கணக்கில் வாங்கிய தங்கத்தை வீட்டு அலமாரியிலேயே வைக்கலாம்' என்று சொல்பவரைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். அப்படி வைத்த ஒரு தம்பதிக்கு எதிராக அமெரிக்க வரி நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

கொள்கை அமைப்புகளின் ஸ்டாலுக்குப் போகுமுன் அதன் வரித் தகுதியைப் பார்த்துவிடுங்கள். அமெரிக்க வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவு என்றால் அறக்கொடை அமைப்பு. நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு, எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ பிரசாரம் செய்யக்கூடாது. 501(சி)(4) என்றால் சட்டமன்றங்களில் ஆதரவு திரட்டுவதையே முழு வேலையாகக் கொள்ளலாம், ஓரளவு தேர்தல் அரசியலிலும் இறங்கலாம், ஆனால் நன்கொடையாளருக்கு வரிவிலக்கு இல்லை. பல அமைப்புகள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கும், பெயரில் ஒரு சொல்தான் வேறுபடும். ஸ்டாலில் நிற்பவரின் அட்டையில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்து எழுதாவிட்டால் பதிவு பிழையாகும்.

இவ்வமைப்புகள் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குக் கொடுக்கும் 990 படிவம் பொது ஆவணம். புரோபப்ளிகா செய்தி நிறுவனத்தின் லாபநோக்கற்ற அமைப்புகள் தேடுதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பக்கத்தில் மொத்த வரவு செலவு, ஏழாம் பகுதியில் அதிகாரிகளின் சம்பளம், ஐ அட்டவணையில் அந்த அமைப்பு யாருக்கு மானியம் கொடுத்தது என்ற பட்டியல். நன்கொடையாளர் பெயர்கள் இருக்கும் பி அட்டவணை மட்டும் பெரும்பாலும் வெளியாகாது. ஆனால் கொடுத்தவரும் ஒரு அறக்கட்டளை என்றால் அதன் படிவத்தில் இந்தப் பெயர் மானியம் பெற்றவராக வந்துவிடும். எதிர்ப்பக்கமிருந்து தேடினால் பாதிக் கதவு திறக்கும். படிவம் ஒன்றிரண்டு ஆண்டு பிந்தியே வரும் என்பதால் எந்த ஆண்டுக் கணக்கு என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

இந்த உலகத்தின் அமைப்புகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க அவற்றின் வயதைத் தெரிந்துகொள்வது உதவும். பொருளியல் கல்விக்கான அறக்கட்டளை 1946, ரீசன் இதழ் 1968, ஹெரிட்டேஜ் 1973, கேட்டோ 1977, அட்லஸ் வலையமைப்பு 1981, மீசஸ் நிறுவனம் 1982, நீதிக்கான நிறுவனம் 1991. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். குடியேற்றம் பற்றிச் சுதந்திரவாதக் கேட்டோவிடமும் பழமைவாத ஹெரிட்டேஜிடமும் கேட்டுப் பாருங்கள், ஒன்றுக்கொன்று எதிரான பதில் வரும்.

நம் வாசகர்களுக்கு நெருக்கமானது நீதிக்கான நிறுவனத்தின் வேலை. இது வழக்காடும் அமைப்பு. வீட்டு நிலத்தைத் தனியார் திட்டத்துக்காக நகராட்சி எடுத்துக்கொண்டதை எதிர்த்த கீலோ வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 2005-இல் 5க்கு 4 என்று தோற்றது. அந்தத் தோல்வியின் கோபத்தில் பல மாநிலங்கள் தங்கள் நிலமெடுப்புச் சட்டங்களைத் திருத்தின. தொழில் உரிமங்களை எதிர்ப்பது இவர்களின் மற்றொரு வேலை. ஆப்பிரிக்க முறையில் தலைபின்னும் பெண்ணிடம் அழகுக்கலை உரிமம் கேட்கும் மாநிலங்கள்மேல் வழக்குப் போடுவார்கள். நெவாடாவிலோ கட்டட உள்ளலங்காரம் செய்வதற்கே உரிமம் வேண்டும்.

1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று திட்டியதும் இதைத்தான். அந்தக் கட்சி 1967-இல் தி.மு.க. கூட்டணியில் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 20 இடம், மக்களவையில் நாடு முழுதும் சேர்த்து 44 இடம் பிடித்தது. அதே ராஜாஜிதான் 1937-இல் சேலத்தில் மதுவிலக்கையும், 1939-இல் விற்பனை வரியையும் கொண்டுவந்தவர். சூதாட்டமும் சாராயமும் ஓடும் இந்த ஊரில் அவருக்கு ஒரு அமர்வு கொடுத்திருந்தால் கூட்டம் பாதியில் எழுந்து போயிருக்கும்.

டிப்ஸ் பற்றி ஒரு வார்த்தை. நெவாடாவில் இம்மாதம் முதல் தேதியிலிருந்து குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12 டாலர். டிப்ஸ் வருகிறது என்று சொல்லி முதலாளி அதைக் குறைக்க இங்கே அனுமதியில்லை. டிப்ஸுக்கு வரி இல்லை என்று டிரம்ப் ஜூன் 9-இல் இதே ஊரில் வாக்குறுதி கொடுத்தார். வரி குறைகிறதே என்று இங்குள்ள எல்லாரும் ஆதரிப்பார்கள் என்று எண்ணவேண்டாம். ஒரே உழைப்பில் ஒரு வகை வருமானத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தால், நாளைக்கே சம்பளமெல்லாம் டிப்ஸ் என்று பெயர் மாறும் என்பது பொருளியலாளர் வாதம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

ஜூலை 12, வெள்ளி

தொடர்ந்து ஏழாவது நாளாக 115 ஃபாரன்ஹீட்டைத் தொட்டிருக்கிறது. இதுவும் ஒரு சாதனையாம்.

கேள்வி மைக் ஏன் முக்கியம் என்பதற்கு இந்த மாநாட்டின் சொந்த வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 2015 ஜூலை 11, இதே சாலையில் தெற்கே உள்ள பிளானட் ஹாலிவுட் விடுதி. வேட்பாளராகி ஒரு மாதம்கூட ஆகாத டிரம்ப் பேசிவிட்டுக் கேள்வி கேட்கச் சொன்னார். ரஷ்யாவிலிருந்து வருகிறேன் என்று அறிமுகப்படுத்திக்கொண்ட ஒரு பெண், பொருளாதாரத் தடைகளைத் தொடர்வீர்களா என்று கேட்டார். புதினோடு ஒத்துப்போகமுடியும், தடைகள் தேவைப்படாது என்ற பொருளில் பதில் வந்தது. அன்று அதைப் பெரிதாக எழுதியவர் இல்லை. கேட்டவர் மரியா புட்டினா. 2018 ஜூலையில் கைதானார், பதிவு செய்யாமல் ரஷ்யாவின் முகவராகச் செயல்படச் சதி செய்ததை அந்த டிசம்பரில் ஒப்புக்கொண்டார், 2019 ஏப்ரலில் 18 மாதச் சிறைத் தண்டனை. மூன்றாண்டு கிடப்பில் இருந்த ஒரு கேள்விபதில் கைதான வாரத்தில் உலகச் செய்தியானது.

ஆகவே செய்முறை இது. பேச்சுக்கு மட்டுமல்ல, கேள்விகளுக்கும் ஒலிப்பதிவு ஓடவேண்டும். ஊடகப் பெட்டியில் கேள்வி மைக் வரவில்லை என்றால் இரண்டாவது கருவியை மைக் நிற்கும் நடைவழிக்கு அருகே உள்ள நாற்காலியில் வைக்கவேண்டும். கேள்வி கேட்டவரின் பெயரும் ஊரும் அவர் வாயாலேயே வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் அமர்வு முடிந்து அவர் கதவைத் தாண்டும் முன் போய்க் கேளுங்கள். எந்த நிமிடத்தில் கேள்வி வந்தது என்று கைக்குறிப்பில் நேரம் போட்டு வைத்தால் பிறகு ஒரு மணி நேரப் பதிவைத் துழாவ வேண்டியதில்லை. "கேள்வியல்ல, ஒரு கருத்து" என்று தொடங்குபவர்களையும் விட்டுவிடக்கூடாது. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கூட்டம் எதற்குக் கைதட்டுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

இன்றைய பெரிய நிகழ்ச்சி, ஃப்ரீ அண்ட் ஈக்வல் தேர்தல் அறக்கட்டளை நடத்திய அதிபர் வேட்பாளர் விவாதம். லிபர்டேரியன் கட்சியின் சேஸ் ஆலிவர், பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டீன், கான்ஸ்டிட்யூஷன் கட்சியின் ரேண்டல் டெர்ரி. இவர்கள் ஏன் ஒரு மாநாட்டு அரங்கில் பேசுகிறார்கள்? ஜூன் 27-இல் பைடனும் டிரம்பும் மோதிய சிஎன்என் விவாதத்துக்குள் நுழைய இரண்டு நிபந்தனைகள்: நாடளவிலான நான்கு கருத்துக்கணிப்புகளில் 15 சதவீதம், அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகளில் வெற்றிக்குத் தேவையான 270-க்குப் போதுமான மாநிலங்களில் வாக்குச்சீட்டில் பெயர். இரண்டாவது நிபந்தனைதான் சிறு கட்சிகளின் கையிருப்பைத் தின்கிறது. வாக்குச்சீட்டில் இடம்பெற ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி, தனிக் கையெழுத்து எண்ணிக்கை, தனிக் கெடு. போட்டிக் கட்சிகளின் வழக்கறிஞர்கள் கையெழுத்துகளைச் சவாலுக்கு உட்படுத்துவார்கள் என்பதால் தேவைக்கு மேல் பாதியளவாவது கூடுதலாகச் சேகரித்து வைக்கவேண்டும். வீட்டு முகவரி பொருந்தாத கையெழுத்து, இருமுறை போட்டது, வேறு மாவட்டத் தாளில் போட்டது எல்லாம் கழியும். தொழில் தொடங்க உரிமம் கேட்கக்கூடாது என்பவர்களுக்கு, தேர்தலில் நிற்கவே உரிமம் வாங்கும் கதை இது.

ஸ்டீனுக்கும் இந்த அரங்குக்கும் பொருளாதாரத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போர், வேவு, இரு கட்சி ஆதிக்கம் என்று வரும்போது ஆலிவரோடு ஒரே பக்கம் நிற்பார். டெர்ரியோ கருக்கலைப்பு எதிர்ப்பிலேயே பெயரெடுத்தவர். இப்படிப்பட்ட விவாதத்தை எழுதும்போது யார் வென்றார் என்று எழுதுவதில் பொருளில்லை. எந்தக் கேள்விக்கு மூவரில் இருவர் ஒத்துப்போனார்கள் என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பினால் வாசகருக்குப் பயன்.

இவ்வகைக் கூட்டங்களில் இன்னொரு விவாத முறையும் பரவியிருக்கிறது. நியூயார்க்கின் சோஹோ ஃபோரம் கடைப்பிடிக்கும் ஆக்ஸ்போர்டு முறை. விவாதத்துக்கு முன்னும் பின்னும் வாக்கெடுப்பு, அதிகம் பேரைத் தன் பக்கம் திருப்பியவரே வெற்றியாளர். முன்பு ஆதரவு 40, எதிர்ப்பு 30, முடிவெடுக்காதவர் 30 சதவீதம், பின்பு ஆதரவு 52, எதிர்ப்பு 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதரவு கூடியது 12, எதிர்ப்பு கூடியது 15. அரங்கில் பெரும்பான்மை ஆதரவாக இருந்தும் வென்றது எதிர்ப்பு. இதை "அரங்கம் நிராகரித்தது" என்று தலைப்பிடுபவர்கள் உண்டு, அது தவறு. இரண்டு முறையும் வாக்களித்தவர்களை மட்டும் எண்ணினார்களா என்பதையும் கேட்கவேண்டும். தாமதமாக வந்தவர் பின் வாக்கில் மட்டும் சேர்ந்தால் கணக்கே மாறும். தங்கள் ஆள் வெல்ல வேண்டும் என்று முதலில் 'முடிவெடுக்கவில்லை' என்று பொத்தானை அமுக்கும் தந்திரமும் எல்லாருக்கும் தெரிந்ததே.

கூடத்தில் அதிகம் கேட்ட பெயர், தன்னைச் சுதந்திரவாதி என்று சொல்லிக்கொள்ளும் அர்ஜென்டினா அதிபர் ஹவியர் மிலெய். போன டிசம்பரில் பதவியேற்றபோது அங்கே மாதப் பணவீக்கம் 25.5 சதவீதம். மே மாதத்தில் அது 4.2. இதுவரை எல்லாரும் சொல்வார்கள். ஜூன் எண் 4.6, ஒரு படி ஏறியிருக்கிறது. ஒரு மாத ஏற்றத்தை வைத்துத் தோல்வி என்பதும் பேதைமை, அதைச் சொல்லாமல் விடுவதும் நேர்மையில்லை. இவை மாத விகிதங்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அமெரிக்காவின் 3.0 ஆண்டு விகிதம். இரண்டையும் அருகருகே போட்டால் வாசகர் குழம்புவார்.

ஜூலை 13, சனி

கடைசி நாளுக்குச் சிறந்த வேலை, எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பது. இந்த ஆண்டுக்குரிய கேள்வி இறக்குமதி வரி. எல்லா இறக்குமதிக்கும் 10 சதவீதம், சீனப் பொருளுக்கு 60 சதவீதம் என்று டிரம்ப் பேசிவருகிறார். பைடன் அரசு சீன மின்வாகன வரியை 25-இலிருந்து 100 சதவீதமாக்கப்போவதாக மே மாதத்தில் அறிவித்தது. தடையற்ற வணிகம் என்ற பழைய கொள்கைக்கு இரு பெரிய கட்சியிலும் இன்று வீடில்லை. "எல்லா இறக்குமதிக்கும் 10 சதவீத வரியை ஆதரிக்கிறீர்களா?" என்று சொல் மாற்றாமல் கேட்கவேண்டும். ஆம், இல்லை, "அது பேரம் பேசத்தான்" என்று மூன்று கட்டம் போதும். மூன்றாவது கட்டத்தில் விழுபவர்களிடம்தான் துணைக்கேள்வி: பேரம் படியாவிட்டால்? பதிவில் எத்தனை பேரிடம் கேட்டோம், எங்கே நின்று கேட்டோம் என்று எழுதிவிடுங்கள். முப்பது பேரின் பதிலைச் சதவீதமாக மாற்றி "மாநாட்டினரில் 60 சதவீதம்" என்று எழுதக்கூடாது. காபி வரிசையில் நிற்பவரும் முதலீட்டு அறையில் உட்கார்ந்திருப்பவரும் ஒரே கூட்டமல்ல.

மாலை நிகழ்ச்சிகளைப் பற்றி இங்கே எழுத நினைத்திருந்தவை எல்லாம் பிற்பகல் 3.11-க்குப் பிறகு இரண்டாம்பட்சம். பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப் பேசிய கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு. அங்கே மாலை 6.11, தமிழ்நாட்டில் ஞாயிறு அதிகாலை 3.41. அரசியல் மாநாட்டில் இருக்கும் பதிவர் என்பதால் ஊரிலிருந்து எல்லாரும் உங்களைத்தான் கேட்பார்கள். உங்களுக்கோ அவர்களைவிட ஒன்றும் அதிகம் தெரியாது. 3,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறீர்கள்.

முதல் ஒரு மணி நேரத்தில் எழுதக்கூடியவை: நேரம், இடம், நேரலையில் கண்ணால் கண்டது, ரகசியப் பாதுகாப்புப் படையின் அதிகாரபூர்வ அறிக்கை. எழுதக்கூடாதவை: சுட்டவர் பெயர், எந்தக் கட்சி, எத்தனை பேர். இன்று மாலையே சமூக ஊடகத்தில் சுட்டவர் என்று சுற்றிவந்த படம் இத்தாலியில் இருக்கும் ஒரு கால்பந்துப் பத்திரிகையாளருடையது. காதில் பட்டது குண்டா, கண்ணாடிச் சில்லா என்று ஆளுக்கொரு செய்தி. கூட்டத்தில் ஒருவர் இறந்தார், இருவர் கடுமையாகக் காயமடைந்தனர், சுட்டவர் கொல்லப்பட்டார் என்பது வரை இரவுக்குள் உறுதியானது. ஒவ்வொரு வரியோடும் எந்த நேரத்து நிலவரம் என்பதை இரு ஊர் நேரத்திலும் போடவேண்டும், திருத்தினால் பழைய வரியை அழிக்காமல் அடித்துக் காட்டவேண்டும்.

மாநாட்டில் இருப்பதால் உங்களிடம் மட்டும் இருக்கக்கூடிய ஒரே பொருள், இங்குள்ளவர்கள் சொல்வது. அதையும் அவசரத்தில் எடுக்காதீர்கள். அதிர்ச்சியில் இருப்பவரிடம் மைக்கை நீட்டினால் நாளை அவரே மறுக்கும் வாக்கியம்தான் கிடைக்கும். பெயரோடு பேசச் சம்மதித்தவர்களின் சொற்களை மட்டும், செய்தி முழுமையாகத் தெரிந்த பிறகு கேட்டு வாங்குங்கள். சுதந்திரவாதிகள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பொதுப்படையாக ஒரு பத்தி எழுதும் ஆசை வரும். ஒரே கேள்விக்கு மூன்று கட்டத்தில் பதில் சொன்ன கூட்டத்தைப் பற்றி அப்படி எழுத முடியாது.

ஞாயிறுக்கான வேலை: அட்டையிலுள்ள ஒலியை இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிட்டு அறையைக் காலி செய்வது, லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில் வைப்பது, விடுதிக் கணக்கில் ரிசார்ட் கட்டணத்துக்கு எத்தனை நாள் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது. விவாதக் கட்டமும், நான்கு கொள்கை அமைப்புகளின் 990 படிவங்களிலிருந்து எடுத்த மானியப் பட்டியலும் புதன்கிழமை தனிப் பதிவாக வரும்.